24 சிப் மைக்ரோஅரே டேட்டா: எக்செல் 3,100 காட்டுகிறது, ஆர் 40 காட்டுகிறது. எதை நம்புவது?

பந்தாய்_மாணவி
திங்கள், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் முதுகலை ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. எங்கள் ஆய்வகத்தில் 2011இல் எடுத்த டிங்கி நோயாளிகளின் மைக்ரோஅரே டேட்டா (எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று சிப்பில் அளந்த எண்கள்) யாரும் தொடாமல் கிடந்தது. அதை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 24 சிப். 12 பேர் கடுமையான டிங்கி, 12 பேர் சாதாரண டிங்கிக் காய்ச்சல். எல்லாம் முழு இரத்த மாதிரி. சிப் ஆஃபிமெட்ரிக்ஸ் எச்ஜி-யு133 பிளஸ் 2.0.

அப்போது வாங்கிய மென்பொருளின் உரிமம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. புதுப்பிக்கப் பணம் இல்லை. பழைய சீனியர் விட்டுப்போன ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. அதில் எம்ஏஎஸ்5 என்ற பழைய முறையில் கணக்கிட்ட எண்கள். அவற்றில் வரிசையாக டி-டெஸ்ட் (இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டால், பி மதிப்பு 0.05க்குக் கீழே 3,100 மரபணுக்கள் வருகின்றன. நானாக ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மொழியைக் கற்றுக்கொண்டு, சிஇஎல் கோப்புகளை (ஸ்கேனர் தந்த மூல எண்கள்) ஆர்எம்ஏ முறையில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, குழுக்களை ஒப்பிடும் லிம்மா என்ற பேக்கேஜில் போட்டேன். எஃப்டிஆர் (பட்டியலில் பொய்யாக வந்தவற்றின் எதிர்பார்க்கும் பங்கு) 5 சதவீதத்தில் 40தான் வருகிறது.

மேற்பார்வையாளர் "3,100 இருக்கும்போது ஏன் 40ஐ எழுதுகிறாய்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம்தான். எந்த மென்பொருளில் போவது சரி?


ஜாலான்_கேசிங்
திங்கள், இரவு 11:15

ஆர் வேண்டாம் என்றால் தெர்மோ ஃபிஷர் இலவசமாகத் தரும் டிஏசி இருக்கிறது, டிரான்ஸ்கிரிப்டோம் அனாலிசிஸ் கன்சோல். விண்டோஸில் மட்டும் ஓடும். சிஇஎல் கோப்பை இழுத்துப் போட்டால் நார்மலைசேஷன், படம், பட்டியல் எல்லாம் வந்துவிடும். 2016இல் ஆஃபிமெட்ரிக்ஸை அவர்கள் வாங்கியபிறகு பழைய எக்ஸ்பிரஷன் கன்சோலின் வேலையும் இதற்குள் வந்துவிட்டது. நான் இரண்டு ஆய்வறிக்கைக்கு இதைத்தான் பயன்படுத்தினேன்.


கிள்ளான்_ஆற்றங்கரை
திங்கள், இரவு 11:40

தங்கச்சி, மனம் நோகாமல் கேளுங்கள். மைக்ரோஅரே காலம் போய்விட்டது. மீதி ஆர்என்ஏ ஃப்ரீசரில் இருந்தால் அதை நேரடியாகப் படித்து எண்ணும் ஆர்என்ஏ-சீக் செய்யுங்கள். 2011 டேட்டாவோடு மல்லுக்கட்டி ஆறு மாதம் போகும்.


மிண்டன்_மேடு
செவ்வாய், காலை 6:50

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 3,100. உங்கள் சிப்பில் 54,675 ப்ரோப் செட் (ஒரு மரபணுவைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) உண்டு. மரபணு எண்ணிக்கை அதைவிடக் குறைவு, ஏனென்றால் ஒரே மரபணுவுக்குப் பல ப்ரோப் செட் இருக்கும். 54,675 முறை டி-டெஸ்ட் போட்டு 0.05இல் வெட்டினால், இரண்டு குழுவுக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டால்கூட 2,734 வரும். உங்களுக்கு வந்தது 3,100. இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதி உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். மென்பொருளைப் பற்றிப் பேசும் முன்பே பாதி விவாதம் முடிந்துவிடும். பெஞ்சமினியும் ஹாக்பெர்கும் 1995இல் கொடுத்த எஃப்டிஆர் திருத்தம் இதற்காகத்தான்.

அடுத்தது அந்த எக்செல் கோப்பு. எம்ஏஎஸ்5 எண்கள் லாக் எடுக்காமல் வரும். 40, 900, 18,000 என்று கிடக்கும். ஆர்எம்ஏ எண்கள் லாக்2இலேயே வரும், ஏறக்குறைய 2க்கும் 15க்கும் நடுவில். சீனியர் லாக் எடுத்தாரா என்று பாருங்கள். எடுக்காமல் டி-டெஸ்ட் போட்டிருந்தால் ஒரே ஒரு பெரிய எண் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு பக்கம், ஆர்எம்ஏ எண்ணுக்கு மறுபடியும் லாக் எடுத்து வைத்த ஆய்வறிக்கைகளையும் என் கையால் திருத்தியிருக்கிறேன். கோப்பைத் திறந்ததும் மிகப் பெரிய எண் எது என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஏஎஸ்5க்கும் ஆர்எம்ஏவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இந்தச் சிப்பில் ஒவ்வொரு ப்ரோப் செட்டுக்கும் பொதுவாக 11 ஜோடி உண்டு. ஒவ்வொரு ப்ரோபும் 25 எழுத்து நீளம். ஜோடியில் ஒன்று சரியாகப் பொருந்துவது, மற்றது நடுவில் 13ஆம் எழுத்தை மட்டும் மாற்றி வைத்தது. தப்பான ஒட்டுதல் எவ்வளவு என்பதை இரண்டாவது காட்டும், அதைக் கழித்துவிடலாம் என்பது ஆரம்பக்கால எண்ணம். நடைமுறையில் பல ஜோடிகளில் மாற்றி வைத்ததே அதிகம் ஒளிர்ந்தது. எம்ஏஎஸ்5 அதற்கு ஒரு சரிக்கட்டலைச் செய்து, ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாகக் கணக்கிடும். குறைவாக வெளிப்படும் மரபணுக்களில் அந்த எண்கள் ரொம்பவும் துள்ளும். 2003இல் வந்த ஆர்எம்ஏ அந்த இரண்டாவது ப்ரோபை விட்டுவிட்டு, எல்லா சிப்பையும் சேர்த்து வைத்துக் கணக்கிடுகிறது. துள்ளல் அடங்கும். ஆனால் உண்மையான வித்தியாசத்தையும் கொஞ்சம் சுருக்கித்தான் காட்டும்.

ஆர்எம்ஏவுக்குள் நடக்கும் குவாண்டைல் நார்மலைசேஷன் என்பதைப் புரியாமல் பலர் பயன்படுத்துகிறார்கள். 24 வகுப்புகள், எல்லாருக்கும் ஒரே தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் ஆசிரியர் தாராளமாக மார்க் போடுகிறார், இன்னொருவர் கறார். 24 வகுப்பிலும் முதலாவதாக வந்தவர்களின் மார்க்கைச் சராசரி எடுத்து, அத்தனை முதல் மாணவருக்கும் அதே மார்க்கைக் கொடுத்துவிடுவது. இரண்டாவது வந்தவர்களுக்கும் அப்படியே. கடைசி மாணவர் வரைக்கும் இதே கதை. ரேங்க் மாறாது, ஆசிரியரின் குணம் மட்டும் போய்விடும். இதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லா வகுப்பும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே தரம். அதாவது பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை. ஒரு செல்லில் மொத்த ஆர்என்ஏவே இரண்டு மடங்கானால் இந்த முறை அதை அழித்துவிடும்.

8 ஜிபி தாராளமாகப் போதும். ஒரு சிப்பில் 1164க்கு 1164 கட்டங்கள், அதாவது 13,54,896. ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால் 24 சிப்புக்கு 260 எம்பி. கணக்கிடும்போது இரண்டு மூன்று நகல் எடுத்தாலும் 1 ஜிபியைச் சுற்றித்தான் நிற்கும்.

கிள்ளான் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு, இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் ஆர்என்ஏ-சீக் செய்வதே முறை. ஆனால் 2011இல் ஊசி குத்தி இரத்தம் கொடுத்த 24 பேரின் டேட்டா இது. பார்க்காமலே தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. லிம்மா கற்றால் அது வீணும் போகாது, அதே கருவி 2014இலிருந்து ஆர்என்ஏ-சீக்குக்கும் வேலை செய்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான 70 மரபணு மம்மாபிரிண்ட் சோதனைக்கு 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்ததும் மைக்ரோஅரேயை நம்பித்தான்.

இப்போது என் கேள்வி, தங்கச்சி. 24 சிப்பும் எந்தெந்தத் தேதியில் ஸ்கேன் செய்யப்பட்டன? சிஇஎல் கோப்பின் தலைப்பகுதியிலேயே தேதி இருக்கும். ஆர் மொழியின் ஆஃபி பேக்கேஜில் கோப்புகளைப் படித்தபின் புரோட்டோகால் டேட்டாவைக் கேட்டால் ஸ்கேன் தேதி வரும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். 40ஆ 3,100ஆ என்பதை அப்புறம் பேசலாம்.


பாயான்_லெப்பாஸ்
செவ்வாய், மதியம் 1:05

உயிரியலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு செமிகண்டக்டர் தொழிற்சாலையில் வேலை. தலைப்பில் சிப் என்று பார்த்து உள்ளே வந்தேன், மதிய இடைவேளை முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த டிஎன்ஏ சிப்பும் எங்கள் சிப் மாதிரி வேஃபரில் போட்டோலித்தோகிராஃபியால் செய்வதா?


மிண்டன்_மேடு
செவ்வாய், மதியம் 1:30

ஆமாம், அதே தொழில்நுட்பம்தான். கண்ணாடி வேஃபர் மேல் மாஸ்க் வைத்து ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் பாதுகாப்பு மூலக்கூறு கழன்றுவிடும், அங்கே மட்டும் அடுத்த எழுத்து ஒட்டும். ஏ, சி, ஜி, டி என்று ஒரு சுற்றுக்கு நான்கு மாஸ்க். 25 எழுத்துக்கு அதிகபட்சம் 100 மாஸ்க். ஸ்டீபன் ஃபோடரும் சகாக்களும் 1991இல் இந்த முறையை வெளியிட்டார்கள்.


பாயான்_லெப்பாஸ்
செவ்வாய், மதியம் 1:48

அப்படியென்றால் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணையும் கேளுங்கள் அண்ணே. எங்களிடம் ஒரே மெஷின், ஒரே ரெசிப்பி, ஒரே ஆள். ஆனாலும் திங்கள்கிழமை லாட்டும் வெள்ளிக்கிழமை லாட்டும் அளவில் கொஞ்சம் தள்ளித்தான் வரும். அதனால்தான் எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் லாட் எண், தேதி, ஷிப்ட் மூன்றையும் எழுதியாக வேண்டும். எழுதாத அளவை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.


பந்தாய்_மாணவி
செவ்வாய், இரவு 9:20

தேதி எடுத்துவிட்டேன். பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 2011இல் ஸ்கேன் செய்தவை 12: சாதாரண டிங்கி 9, கடுமையான டிங்கி 3.
நவம்பர் 2011இல் ஸ்கேன் செய்தவை 12: சாதாரண டிங்கி 3, கடுமையான டிங்கி 9.

பிசிஏ படமும் (ஒத்த சிப்புகள் பக்கம் பக்கமாக வரும்படி வரைவது) போட்டேன். 24 புள்ளிகளும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. பிரித்தது நோய் இல்லை, மாதம். லாட் எண் எங்கேயும் இல்லை, பெட்டிகளை அப்போதே எறிந்துவிட்டார்களாம். எக்செலையும் பார்த்தேன். லாக் எடுக்கவில்லை.


மிண்டன்_மேடு
செவ்வாய், இரவு 10:05

கலங்க வேண்டாம். இதைவிடக் கெட்ட நிலை ஒன்று உண்டு: மார்ச்சில் 12 சாதாரணம், நவம்பரில் 12 கடுமை என்று முழுக்கப் பிரிந்திருந்தால் உலகத்தில் எந்த மென்பொருளாலும் நோயையும் மாதத்தையும் பிரிக்க முடியாது. உங்களுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் கலந்திருக்கிறார்கள். அந்த ஆறு பேர்தான் உங்கள் ஆய்வைக் காப்பாற்றப்போகிறார்கள்.

2007இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரின் செல்களையும் சீன, ஜப்பானிய மக்களின் செல்களையும் மைக்ரோஅரேயில் ஒப்பிட்டு, கால்வாசி மரபணுக்கள் வேறுபடுவதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு வேறொரு குழு ஸ்கேன் தேதிகளை எடுத்துப் பார்த்தது. ஐரோப்பிய மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004இல் செய்யப்பட்டவை. ஆசிய மாதிரிகள் 2005, 2006இல். அவர்கள் கண்டது இனங்களுக்கு நடுவிலான வித்தியாசமா, வருடங்களுக்கு நடுவிலானதா என்று அந்த டேட்டாவை வைத்துச் சொல்லவே முடியாது. பெயர்பெற்ற ஆய்வகங்களுக்கே நடந்த விஷயம் இது. கோப்புக்குள் தேதி இருந்ததால்தான் வெளியே தெரிந்தது.


ஜாலான்_கேசிங்
புதன், காலை 8:10

காம்பேட் என்ற கருவியைப் போட்டு பேட்ச்சை (வெவ்வேறு தொகுதியாகச் செய்ததால் வந்த வித்தியாசத்தை) எடுத்துவிட்டு, அந்த எண்களை லிம்மாவில் கொடுத்தால் முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.


மிண்டன்_மேடு
புதன், காலை 8:45

காம்பேட் நல்ல கருவி, 2007இலிருந்து நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு குழுவும் இரண்டு பேட்ச்சிலும் ஆறு ஆறாக இருந்தால் நீங்கள் சொல்வதில் பெரிய பாதகமில்லை. ஆனால் 9-3, 3-9 என்று சாய்ந்திருக்கும்போது, முதலில் திருத்திவிட்டு அப்புறம் சோதித்தால், திருத்தும்போது செய்த ஊகங்கள் லிம்மாவுக்குத் தெரியாது. எண்கள் பிறக்கும்போதே சுத்தமாகப் பிறந்தன என்று நினைத்துக்கொண்டு, இருப்பதைவிட அதிக உறுதியோடு பதில் சொல்லும். இதை 2016இல் நார்வே ஆய்வாளர்கள் விளக்கமாகக் காட்டினார்கள். நாமே குழுவின் பெயரையும் காம்பேட்டுக்குக் கொடுத்துத் திருத்தியிருந்தால், இல்லாத வித்தியாசத்தைக்கூட அது உருவாக்கிவிடும்.

அதனால் ஆர்எம்ஏ எண்களைத் தொடாமல் லிம்மாவின் மாடலிலேயே மாதத்தையும் ஒரு காரணியாக எழுதுங்கள். முதலில் மாதம், அடுத்து குழு. எண்ணிக்கை 40இலிருந்து குறையும். குறைவதுதான் சரி. ரிமூவ் பேட்ச் எஃபெக்ட் என்ற கட்டளை படம் வரைய மட்டும்.


ஜாலான்_கேசிங்
புதன், காலை 9:02

இது எனக்குத் தெரியாது. என் இரண்டாவது ஆய்வறிக்கையில் குழுக்கள் சமமாக இல்லை. இன்று மாலை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். நன்றி அண்ணா.


செந்தூல்_அக்கா
புதன், மாலை 5:30

நான் மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள், இப்போது ஓய்வு. கம்ப்யூட்டர் விஷயம் எனக்குப் பாதிதான் புரிகிறது. இரத்தம் நன்றாகப் புரியும்.

பாப்பா, இந்த இரத்தத்தைக் காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தார்கள்? டிங்கியில் மூன்றாம் நாள் இரத்தமும் ஆறாம் நாள் இரத்தமும் ஒன்றில்லை. வெள்ளணு இறங்கும், அப்புறம் ஏறும். பிளேட்லெட் விழும். லிம்போசைட் உருவமே மாறி ஸ்லைடில் நிற்கும். கடுமையான நோயாளிகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் மருத்துவமனைக்கு வருவார்கள். அவர்களுடைய இரத்தம் ஐந்தாம் நாள் எடுத்தது, மற்றவர்களுடையது மூன்றாம் நாள் எடுத்தது என்றால், உங்கள் மெஷின் நோயைக் காட்டுகிறதா, நாளைக் காட்டுகிறதா?

இன்னொன்று. முழு இரத்தம் என்கிறீர்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 70 சதவீதம் இருக்கிற ஆளையும் 40 சதவீதம் இருக்கிற ஆளையும் ஒப்பிட்டால், எந்த மரபணுவும் கூடாமல் குறையாமலே எண்கள் மாறும். கூட்டத்தில் யார் அதிகமோ அவர்கள் சத்தம்தானே அதிகமாகக் கேட்கும். நோயாளியின் ஃபைலில் டிஃபரென்ஷியல் கவுண்ட் (எந்த வெள்ளணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) கட்டாயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.


மிண்டன்_மேடு
புதன், மாலை 6:12

அக்கா, மென்பொருள் பேசும் நாங்கள் முதலில் மறப்பது இதைத்தான். தங்கச்சி, காய்ச்சல் நாள் கிடைத்தால் அதுவும் மாடலுக்குள் போக வேண்டும். வைரஸை எதிர்க்க உடல் எழுப்பும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் காய்ச்சலின் முதல் நாட்களில் உச்சத்தில் இருந்து, பிறகு வேகமாக இறங்குபவை. ஐஎஃப்ஐடி1, எம்எக்ஸ்1 மாதிரியானவை பட்டியலில் தலைகாட்டினால் முதலில் நாளைச் சந்தேகியுங்கள்.


மிண்டன்_மேடு
புதன், இரவு 7:40

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பட்டியலுக்குப் போகும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, சிப்பின் படத்தைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொன்றையும், 24ஐயும். இந்த வகைச் சிப்பில் ஓரத்தைச் சுற்றிச் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒளிப்புள்ளிகள் ஓடும். மேலே இடது மூலையில் சிப்பின் பெயரே புள்ளிகளால் எழுதியிருக்கும். அது தெளிவாகத் தெரிந்தால் ஸ்கேனர் கட்டங்களைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் கீறல், குமிழி, வெள்ளைத் தீற்றல் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஆஃபிபிஎல்எம் பேக்கேஜில், சிப்பின் தரத்தைக் காட்டும் நியூஸ், ஆர்எல்இ படங்கள். நியூஸின் நடு மதிப்பு 1ஐ ஒட்டியும், ஆர்எல்இயின் நடு மதிப்பு 0ஐ ஒட்டியும் இருக்க வேண்டும்.

இரண்டு, ஆண் பெண் சோதனை. எக்ஸிஸ்ட் என்ற மரபணு பெண்களிடம் மட்டும் உரக்கப் பேசும். உங்கள் சிப்பில் அதன் ப்ரோப் செட் எண் 221728இல் தொடங்கும். ஒய் குரோமோசோமில் உள்ள ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களிடம் மட்டும். அது 201909. ஒன்றை எக்ஸ் அச்சிலும் மற்றதை ஒய் அச்சிலும் வைத்து 24 புள்ளி போடுங்கள். இரண்டு மூலையில் இரண்டு கூட்டம் வரும். அதை நோயாளிப் பட்டியலில் உள்ள பாலினத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.


பந்தாய்_மாணவி
வியாழன், அதிகாலை 1:25

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

17ஆம் சிப்பில், வலது பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நனைந்த விரலால் இழுத்த மாதிரி ஒரு வெளுத்த பட்டை. நியூஸ் 1.14. மற்ற எல்லாமே 0.98க்கும் 1.03க்கும் நடுவில்.

அதைவிடப் பெரிய விஷயம். 14ஆம் எண், பட்டியலில் ஆண், சாதாரண டிங்கி. எக்ஸிஸ்ட் 11க்கு மேல், ஆர்பிஎஸ்4ஒய்1 ஒன்றுமே இல்லை. 15ஆம் எண், பட்டியலில் பெண், கடுமையான டிங்கி. எக்ஸிஸ்ட் இல்லை, ஆர்பிஎஸ்4ஒய்1 உச்சத்தில். மற்ற 22 பேரும் சரியாக இருக்கிறார்கள்.

இரண்டும் மாறிப்போயிருக்கின்றன, இல்லையா? பெயரை மாற்றி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?


கிள்ளான்_ஆற்றங்கரை
வியாழன், காலை 7:15

அடுத்தடுத்த எண்கள், அதுவும் ஒன்று ஆண் ஒன்று பெண். கண்டிப்பாகக் குழாய் மாறியிருக்கிறது. மாற்றி வைத்துவிட்டு மேலே போங்கள். 24 சிப்பில் இரண்டை இழக்க முடியாது.


செந்தூல்_அக்கா
வியாழன், காலை 7:50

தம்பி, அவசரப்படாதீர்கள். எங்கள் கூடத்தில் குழாயின் பெயரில் சந்தேகம் என்றால் நாங்களாக ஒரு பெயரை எழுத மாட்டோம். திரும்ப இரத்தம் எடுப்போம். முடியாவிட்டால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுவோம். 14உம் 15உம் தங்களுக்குள் மாறின என்பது ஊகம். 14இல் இருப்பது வேறு ஏதோ ஒரு பெண்ணின் இரத்தமாக இருந்தால்?

12 வருடத்துக்கு மேலாக ஒருவருடைய இரத்தம் இன்னொருவர் பெயரில் கிடந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.


மிண்டன்_மேடு
வியாழன், காலை 8:30

அக்கா சொல்வதே சரி. பாலினச் சோதனை பொருந்தவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. முதன்மைப் பகுப்பாய்வில் 14, 15 இரண்டையும் விடுங்கள். 17ஐயும் விடலாம். ஆர்எம்ஏ கொஞ்சம் கறையைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் நியூஸ் 1.14 எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றி வைத்துப் பார்த்ததை வேண்டுமானால் பின்னிணைப்பில், இப்படிச் செய்தோம் என்று வெளிப்படையாக எழுதிப் போடுங்கள்.

இது உங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் வந்த கேடு இல்லை. 2016இல் ஒரு குழு, பொதுவில் கிடைக்கும் மனித டேட்டா கொண்ட 70 ஆய்வுகளை இதே ஆண் பெண் மரபணுக்களை வைத்துச் சோதித்தது. ஏறக்குறைய பாதியில் குறைந்தது ஒரு மாதிரியாவது பொருந்தவில்லை.

ட்யூக் பல்கலைக்கழகக் கதை இதைவிடக் கொடியது. மைக்ரோஅரேயை வைத்து எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார்கள். கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் அந்த டேட்டாவை வரி வரியாகத் திரும்பக் கணக்கிட்டார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. மருந்துக்கு மசியும் செல், மசியாத செல் என்ற பெயர்களும் சில இடங்களில் தலைகீழ். 2009இல் அவர்கள் இதை வெளியிட்டபோது அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளுக்கு மருந்து பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. பிறகுதான் நிறுத்தினார்கள். கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு வரி நழுவல்தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.


பாயான்_லெப்பாஸ்
வியாழன், மதியம் 1:10

எக்செலில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி மற்றதை விட்டுவிட்டால் எங்களுக்கும் இப்படித்தான் நடக்கும்.


மிண்டன்_மேடு
வியாழன், மதியம் 1:35

எக்செல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தங்கச்சி, உங்கள் சீனியரின் கோப்பில் மரபணுப் பெயர் நெடுவரிசையை அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே தேதிகள் வந்து நிற்கும். செப்ட்2 என்ற மரபணுவை எக்செல் செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும், மார்ச்1ஐ மார்ச் 1 என்று. 2004இலேயே இதை எச்சரித்தார்கள். 2016இல் எண்ணிப் பார்த்தபோது, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்க் குழுவே இறங்கிவந்து செப்டின்2, மார்ச்எஃப்1 என்று பெயரை மாற்றியது. பழைய கோப்பில் பழைய பெயர்தான் இருக்கும். பெயரை விட்டுவிட்டு ப்ரோப் செட் எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். பெயர்களைக் கடைசியில் பயோகண்டக்டர் என்ற ஆர் பேக்கேஜ் தொகுப்பின் புதிய அட்டவணையிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.


பந்தாய்_மாணவி
வெள்ளி, இரவு 8:55

எக்செலில் 23 இடத்தில் தேதி இருந்தது.

21 சிப்பை வைத்து, சிஇஎல்லிலிருந்து ஆர்எம்ஏ மறுபடி செய்தேன். மாடலில் மாதம், காய்ச்சல் நாள், குழு. காய்ச்சல் நாள் ஃபைலில் இருந்தது. அக்கா சொன்னபடி கடுமையானவர்கள் சராசரியாக ஒரு நாளுக்கு மேல் தாமதம்.

எஃப்டிஆர் 5 சதவீதத்தில் 17 ப்ரோப் செட். பழைய 40இல் இருந்த ஐஎஃப்ஐடி1, எம்எக்ஸ்1 எல்லாம் காணாமல் போய்விட்டன. 17இல் மேலே நிற்பவை டிஇஎஃப்ஏ4, ஈலேன், எம்பிஓ.

மேற்பார்வையாளரிடம் 2,734 கணக்கை எழுதிக் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆண் பெண் படத்தைக் காட்டினேன். பழைய ஆய்வகக் குறிப்பேட்டை அலமாரியிலிருந்து அவரே எடுத்து வந்தார். 14, 15 வரிகளில் பேனாவால் அடித்து எழுதியிருக்கிறது, எதை எதுவாக மாற்றினார்கள் என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிடு என்று அவரே சொல்லிவிட்டார்.


செந்தூல்_அக்கா
வெள்ளி, இரவு 9:30

நீங்கள் சொன்ன மூன்றும் எதில் இருக்கும் என்று என் மகளைத் தேடச் சொன்னேன். நியூட்ரோஃபிலின் துகள்களில், அதுவும் முதிராத நியூட்ரோஃபிலில் அதிகமாம். அப்படியென்றால் மரபணு கூடியதா, எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் செல்கள் அதிகமாக இரத்தத்துக்கு வந்துவிட்டனவா? இரண்டும் நோயைப் பற்றிய செய்திதான், ஆனால் ஒன்றில்லை. டிஃபரென்ஷியல் கிடைத்ததா பாப்பா?


பந்தாய்_மாணவி
வெள்ளி, இரவு 9:48

இன்னும் இல்லை அக்கா. 21 பேரில் 13 பேருக்குத்தான் கணினியில் இருக்கிறது. மீதி எட்டுப் பேருடையது காகித ஃபைல். திங்கட்கிழமை காலை ஆவண அறைக்குப் போக அனுமதி வாங்கியிருக்கிறேன்.


செந்தூல்_அக்கா
வெள்ளி, இரவு 9:55

பேண்ட் செல் (முதிராத நியூட்ரோஃபில்) என்று தனிக் கட்டம் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போங்கள், பசியாறிவிட்டுப் போங்கள். அந்த அறைகளில் நேரம் போவதே தெரியாது.


கிள்ளான்_ஆற்றங்கரை
சனி, காலை 10:20

முதல் நாள் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் ஆர்என்ஏ-சீக் டேட்டாவில் எக்ஸிஸ்ட் சோதனையை நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். 36இல் ஒன்று பொருந்தவில்லை.


ஜாலான்_கேசிங்
சனி, காலை 11:05

ஒரு சின்னச் சந்தேகம். என்னிடம் ஜீன் எஸ்டி 2.0 சிஇஎல் கோப்புகள் இருக்கின்றன. மிண்டன் அண்ணா சொன்ன ஆஃபி பேக்கேஜில் படிக்க முயன்றால் பிழை வருகிறது. நியூஸ் படம் போட வேறு வழி உண்டா?


மிண்டன்_மேடு
சனி, காலை 11:30

எஸ்டி வகைக்கு ஆஃபி வேண்டாம், ஒலிகோ பேக்கேஜைப் பயன்படுத்துங்கள். அந்தச் சிப்பில் மாற்றி வைத்த ஜோடி ப்ரோப் கிடையாது, அமைப்பே வேறு. ஒலிகோவில் ஃபிட் ப்ரோப் லெவல் மாடல் என்ற கட்டளை கொடுத்தால், அதிலிருந்து நியூஸ், ஆர்எல்இ இரண்டும் வரும். சிப்புக்குரிய பிடி பேக்கேஜை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்கும் முன்பே ஸ்கேன் தேதியையும் எடுத்துவிடுங்கள்.